மாமனார் கோட்டு

ராயப்பனின் எலும்பு உடைய வேண்டுமென்றால், அதற்கு முன்னால் பாடி மேம்பாலம் உடைய வேண்டும். இதைச் சொன்னவர் ராயப்பன்தான். பாடியில் முப்பது வருஷம் இரும்பு தூக்கியவர் என்பதால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

இப்போது அதே குரலில், அம்பத்தூர் தையல்கடைக் கண்ணாடி முன்னால் நின்று உறுமினார்.

"இன்னா மாஸ்டர் இது? கோட்டா, அங்கியா?"

புதுக் கோட்டின் முன்பக்கம் தொடை வரை தொங்கியது. விடிந்தால் இளைய மகள் ரெனிதாவுக்குக் கல்யாணம். நீலக் கோட்டுதான் என்பது அவள் உத்தரவு. மகளைக் கைப்பிடித்துப் பீடம் வரை நடத்திப்போக வேண்டியவர், யாரோ ஒருவருடைய அங்கியை மாட்டிக்கொண்ட உபதேசியார் மாதிரி நின்றார்.

தையல்காரர் கங்காதரன் வாயிலிருந்த குண்டூசியை எடுத்தார். "அளவுக்கு நீங்க குடுத்த பழைய கோட்டை வெச்சுத்தான் தச்சேன் அண்ணே. ஆறு வருஷம் முன்னால மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு நானே தச்சது. நூல் பிசகல."

"அது எனக்கு ஒட்டவெச்ச மாதிரி இருந்துச்சு. இது தொங்குது. அப்ப நான் பொய் சொல்றனா?"

மனைவி ரோஸி குறுக்கே வந்தாள். "ஏங்க, கத்தாதீங்க. எதிர்ல சர்ச் ஹால்ல எலும்பு டெஸ்ட் அஞ்சு மணியோட முடிஞ்சுடும். வீசிங்குக்கு வருஷக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை முழுங்கறீங்க, அது எலும்பை அரிச்சுடுமாம். போன மாசம் சிலிண்டர் தூக்கிப் புடிச்ச முதுகு இன்னும் விடல. ஒருவாட்டி காட்டிடலாமே?"

"அது வாயு. எலும்பு டெஸ்ட்லாம் பொம்பளைங்க சமாச்சாரம். நீ போய் காலை நீட்டிகினு உக்காரு. ஆம்பளை எவனாவது அந்த லைன்ல நிப்பானா?"

ரோஸி சாலையைக் கடந்தாள்.

ராயப்பன் மேசையைத் தட்டினார். "ராத்திரிக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா நாளைக்குக் கல்யாணத்துக்கு வர்ற அத்தினி பேர் கிட்டயும் உன் கடை பேரைச் சொல்லுவேன்."

கங்காதரன் கோட்டின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷக் கடை. கீழே வெட்டினால் பாக்கெட் போய்விடும். விட்டால் மானம் போய்விடும்.

புதுக் கோட்டை மேசையில் விரித்து, பழையதை அதன்மேல் வைத்தார். தோளோடு தோள், கையோடு கை. எந்த ஓரத்திலும் ஒரு இழைகூட வெளியே நீட்டவில்லை.

"பழசைப் போட்டுக் காட்டுங்கண்ணே. அது உங்களுக்குச் சரியா கீதுன்னா, கடைச் சாவியை உங்க கையில குடுத்துடறேன்."

"மூணு சாவியும் எடுத்து வை," என்று சிரித்துக்கொண்டே மாட்டினார் ராயப்பன். கண்ணாடியைப் பார்த்தார்.

தோள் சரி. கை நீளம் சரி. முன்பக்கம் மட்டும் புதுசு தொங்கிய அதே இடத்தில் தொங்கியது.

நெஞ்சை நிமிர்த்திப் பார்த்தார். முதுகில் சுருக்கென்றது. கோட்டு ஏறவில்லை.

கங்காதரன் டேப்பைக் கழுத்துக்குழியிலிருந்து இடுப்பு வரை பிடித்தார். அளவு நோட்டின் பழைய பக்கத்தைப் புரட்டினார். மறுபடி அளந்தார். பிறகு நோட்டை ராயப்பன் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலாவது ராயப்பன் சண்டை போட்டிருப்பார்.

சர்ச் ஹாலில் ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் பாக்கி. பெண்கள் வரிசையின் கடைசியில், ரோஸிக்குப் பின்னால், ஒருவர் சத்தமில்லாமல் வந்து நின்று குனியத் தயங்கி, காலாலேயே செருப்பை நெட்டித் தள்ளினார்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மாவுக்குத்தானே டெஸ்ட்? நீங்க வெளியில உக்காருங்க சார்."

"எனக்குத்தாம்மா. ஆறு வருஷத்துல ரெண்டு இஞ்ச் காணோம்."