தொண்டிச் சரக்கு

"எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்லயே காய்ச்சுற கிராஃப்ட் பீரை ருசி பார்த்துருவேன். தொண்டியில எங்க சார் கிடைக்கும்?"

பெங்களூரிலிருந்து வந்து மாடியறையில் தங்கியிருந்த நிகில் கேட்டான்.

"அதெல்லாம் இங்கன கிடையாது தம்பி" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் பாண்டித்துரை மீன் வாங்கப் போனார்.

திரும்பி வந்தபோது நிகில் கொல்லையில் நின்றான். கையில் செம்பு, மீசையில் நுரை.

"இல்லைன்னீங்க, பானை நிறைய ஒளிச்சு வச்சிருக்கீங்களே. மூணு நாள் புளிச்சதுதானே?"

பாண்டித்துரை மீன் பையோடு ஓடி வந்தார். "தம்பி, அது வந்து..."

"பயப்படாதீங்க, போலீஸ்ல சொல்ல மாட்டேன்." இன்னொரு செம்பு மொண்டு குடித்தான். "கடைசியில நாக்குல ஒரு கடலை ருசி நிக்குது பாருங்க, அதுதான் சார் கைப்பக்குவம். நாளைக்கு என் ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேர் வர்றாங்க. இதேதான் வேணும்."

அவன் மாடியேறியதும் பாண்டித்துரை அடுப்படியில் இருந்த மனைவியிடம் ஓடினார்.

"உமையா, பானையைக் காலி பண்ணிட்டான். நாளைக்கு ஆறு பேருக்கு வேணுமாம்."

உமையாள் பதறவில்லை. கடலைப் புண்ணாக்கை உடைத்துக் கழனித்தண்ணியில் ஊறப் போட்டாள்.

"அப்ப மாட்டுக்கு?"

"அதுக்கு ஒயின் ஷாப்புல பீரு வாங்கி ஊத்துங்க."