வேர்மண்

ஐப்பசி மழை விட்ட காலை. ஒரு காலத்தில் காடாயிருந்து, எழுபத்தேழாம் வருஷப் புயலில் உப்பேறிப் பொட்டலாகிவிட்ட கருக்களாச்சேரி மேட்டில் நடவுப் பெண்கள் வரிசையாகக் குனிந்திருக்கிறார்கள். கூடைகளில் நெல் நாற்று இல்லை. புன்னை, நாவல், பாலைக் கன்றுகள். ஒரு புன்னையை எடுக்கும் அமுதத்தின் கை, பழக்கத்தில் கணுக்காலை நோக்கி ஓங்கி, விரற்கடை தூரத்தில் நின்றுவிடுகிறது. போன வருஷம் நெல் நாற்றுக்குச் செய்வதுபோல் வேர்மண்ணைக் காலில் அடித்து உதறிவிட்டுத்தான் இருநூறு கன்றையும் நட்டார்கள். பத்தே நாளில் அத்தனையும் சுள்ளி, ஊரே சிரித்தது. இப்போது அவள் இரண்டு கையாலும் மண்கட்டியை ஏந்தி, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல் குழியில் இறக்குகிறாள். ஈர மணலில் வெயில் மினுங்குகிறது. கடல்காற்று முந்தானையைப் பிடித்து இழுக்கிறது. வயலில் நடுவதுபோலவே பின்னுக்கு நகர்கிறவளின் குதிகாலில் ஏதோ குத்த, திரும்பிப் பார்க்கிறாள். போன வருஷத்துச் சுள்ளிதான். அதன் அடியில் செம்பு நிறத்தில் இரண்டு தளிர். அமுதம் ஒரு முழம் ஒதுங்கி அடுத்த குழியைத் தோண்டுகிறாள். “வரிசை கோணுதுக்கா,” என்கிறாள் பக்கத்தில் நடும் அல்லி. “கோணட்டும் புள்ள. வயலா இது?” என்றபடி அமுதம் அடுத்த கன்றுக்குக் கை நீட்டுகிறாள்.