நீதிபதி முன் ஒரு தம்ளர்

மருத்துவர்களின் தவறால் உடல் கெட்டவர்களுக்காகவே காலமெல்லாம் வழக்காடி வந்தவர் வக்கீல் தணிகாசலம். ஆஸ்பத்திரியில் தப்பான இடத்தில் போட்ட ஊசியால் அவருடைய கட்சிக்காரி அமிர்தவல்லியின் வலது கை செயலற்றுப் போயிருந்தது. விசாரணைக்கு முந்தைய நாள் அவர் அறைக்கு வந்தவள், மேசைமேலிருந்த தண்ணீர்த் தம்ளரை அந்தக் கையாலேயே தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

"அழுதுக்கிட்டே பழகினேன் சார். இப்பதான் பிடி வந்துச்சு."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இத யாரும் பாக்கலையே? நாளைக்கு ஜட்ஜ் முன்னாடி தம்ளரக் குடுப்பேன். கீழ விட்டுடுங்கம்மா."

அவள் சிரிப்பு நின்றது. ஆனாலும் தலையாட்டினாள்.

மறுநாள் தம்ளர் விழுந்து உருண்டது. பார்க்கப் பொறுக்காமல் நீதிபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சில வாரங்களில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. நீதிமன்ற வராந்தாவில் மற்ற வக்கீல்கள் தணிகாசலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வலது கையை முந்தானைக்குள் மறைத்தபடி ஒதுங்கி நின்ற அமிர்தவல்லி, கூட்டம் கலைந்ததும் அருகில் வந்தாள்.

"சார், இனிமே வீட்ல இந்தக் கையால புள்ளைக்குச் சோறு ஊட்டலாமா?"

ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்பீல் போவார்கள். அது முடியும்வரை அந்தக் கை அசையக்கூடாது. அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல், கழற்றிய கறுப்புக் கோட்டை மடித்துக்கொண்டே நின்றார்.