பச்சை விளக்கின் மேல் ஒரு பொட்டு

ஒரே ஒரு ஸ்டிக்கர் பொட்டால் என் மாப்பிள்ளை இளம்பரிதியைக் கொன்றவன் நான்!

வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் அவர் கீபோர்டில் ஒரு பச்சை விளக்கு, ஆயிரம் சூரியன் மாதிரி கண்ணைக் குத்தும். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று ஆபீஸ் கேமராவுக்குக் காட்டும் விளக்கு அது. என் மகள் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த பொட்டை எடுத்து அதை மூடினேன். பத்தே நிமிடத்தில் ஆபீஸிலிருந்து யானை கனத்துக்கு மலர்வளையம் வந்து இறங்கியது.

"மாப்பிள்ளை, நீங்க செத்துட்டீங்க!"

"கதை விடாதீங்க மாமா" என்று சிரித்தபடி பொட்டைப் பிய்த்தார். விளக்கு எரியவில்லை. அன்றைக்கே வேலை போனது. வீட்டுக் கதவுகூட அவர் கைரேகையை ஏற்கவில்லை.

உயிரோடு இருப்பதை நிரூபிக்கப் பத்து மாதம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். நேற்று விதவை பென்ஷன் படிவத்தைத் தானே நிரப்பி என் மகளிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடு, பூங்கோதை. மாமா சொன்னது நிஜம்தான். நான் செத்துட்டேன்."