தானாகப் போனதா?

"தானா போனதா, போக்கினதாங்கறது பார்த்தா தெரிஞ்சுடுமா டாக்டர்?"

மாமியார் கேட்ட கேள்வியில் டாக்டரின் பேனா நின்றுவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த மருமகளின் முகம் வெளுத்துப் போனது. பத்து வாரக் கரு கலைந்து, கருப்பையைச் சுத்தம் செய்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

அந்த வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்த நாளிலிருந்து அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். மூன்று வருடம் ஊசியும் மாத்திரையுமாக அலைந்து தங்கிய கரு அது. அலுவலகம் வேறு மாடிக்கு மாறிய அன்று கோப்புப் பெட்டிகளைத் தூக்கியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான்கு நாளாகச் சோறு இறங்காததற்கு அதுதான் காரணம்.

டாக்டருக்கு இந்த ரக மாமியார்கள் புதிதல்ல, வாரத்துக்கு இரண்டு பேராவது வந்துவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினார். தானாகக் கலைந்தால் கருச்சிதைவு. அதில் முழுவதும் வெளியேறிவிடுவதும் உண்டு, பாதி தங்கிவிடுவதும் உண்டு, துடிப்பு நின்றது தெரியாமலே சில வாரம் ஓடிவிடுவதும் உண்டு. வேண்டாமென்று முடிவெடுத்து மாத்திரையிலோ சிகிச்சையிலோ கலைத்தால் அது கருக்கலைப்பு. சின்னவளுக்குத் தானாகத்தான் கலைந்தது, பாதி தங்கிவிட்டதால் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

மாமியார் விடுவதாக இல்லை. அத்தனை வலியும் உதிரப்போக்கும் மாத்திரை போட்டால்தானே வரும் என்றார். இரண்டிலும் ஒரே மாதிரிதான் வரும், வெறும் கண்ணால் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

"புள்ள இப்ப வேணாம்னு வாய்விட்டுச் சொன்னவளுக்கும் தானா போகுமா?"

சின்னவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று யோசித்தாள். என்றோ ஒருநாள் ஊசி வலி தாங்காமல், போதும், எனக்கு எதுவும் வேண்டாம் என்று அழுதது நினைவுக்கு வந்தது. அதுவும் மாமியார் காதில் விழுந்துவிட்டதா? இனி அந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்று முடிவே கட்டிவிட்டாள்.

"ஆபீஸ்ல பெட்டி தூக்கினேன் டாக்டர். எல்லாம் என் தப்புதான்," என்று உடைந்து அழுதாள்.

"பெட்டி தூக்கினதாலயும் போகாது, வேணாம்னு சொன்னதாலயும் போகாதும்மா. இவ்வளவு சீக்கிரம் கலையறதுல பாதிக்கு மேல, கருவே சரியா உருவாகியிருக்காது. அதுக்கு யாரும் பொறுப்பில்ல."

யாருமே இல்லையா என்று மாமியார் மறுபடி கேட்டார். யாருமே இல்லை என்று டாக்டர் அழுத்திச் சொன்னார்.

மாமியார் கைப்பையைத் துழாவி, கைபேசியை எடுத்து அதில் ஓர் எண்ணைத் தேடினார். மகனிடம்தான் சொல்லப் போகிறார் என்று பயந்து, சின்னவள் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

அந்தக் கையை அவர் இறுகப் பற்றிக்கொண்டார். மறுமுனையில் ஒரு பெண் குரல், யார் என்று கேட்டது.

"பெரியவளே, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி உன்னைக் கொலைகாரின்னு சொல்லி வீட்டைவிட்டுத் துரத்தினேனே, அந்தப் பாவிதாம்மா பேசறேன்."