மச்சு பிரித்த பதினெட்டு நாள்

“யக்கா, மச்சைப் பிரிக்கியளா, இல்ல பூப் பறிக்கியளா?”

முற்றத்தில் நின்று கத்தினான் பிரைட்டன். மேலே மச்சுக் கூரையில் உட்கார்ந்திருந்த செல்லக்கனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆள் வைத்துக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவள். ஒவ்வொரு செங்கலாகப் பெயர்த்து, கை மாற்றிக் கை மாற்றிக் கீழே அடுக்கிக்கொண்டிருந்தார்கள் அவள் ஆட்கள்.

பிரைட்டன் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கப்பலிலிருந்து ஒரு கன்டெய்னரை இரண்டே நிமிஷத்தில் இறக்கிவிடுவான். இந்த ஆமை வேகம் அவனுக்கு எப்படிப் பொறுக்கும்?

அவசரமும் இருந்தது. இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாக அவன் மனைவி ரேச்சலுக்கு இது ஏழாம் மாசம். படுக்கையை விட்டு அசையக் கூடாது, நாசரேத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குக்கூடப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, தொட்டில் கட்ட வைத்திருந்த அறையில் மச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. பார்த்தால், உத்திரம் உளுத்துப்போயிருந்தது. மழைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும். ரேச்சலைப் பின்கட்டு அறையில் படுக்க வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள்.

முதல் நாள் உடைக்கிற மெஷினைப் போட்ட அரை நிமிஷத்திலேயே அணைத்துவிட்டாள் செல்லக்கனி.

“மெஷின் சரியில்ல தம்பி. கையாலதான் பிரிக்கணும்.”

“வேற மெஷின் எடுக்கலாம்லா?”

“பாப்பம்.”

ஒரு வாரமாகியும் பார்க்கவில்லை. போதாததற்குச் சுத்தியல் தலையில் சாக்குத் துணி வேறு சுற்றியிருந்தார்கள்.

“சுத்தியலுக்குத் தலப்பா கட்டி வேலை பாக்குற ஆளை இங்கனதான் பாக்கேன்” என்று ரேச்சலிடம் பொருமினான் பிரைட்டன்.

“விடுங்க அத்தான். எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல” என்றாள் அவள்.

புது உத்திரம் ஏற்றிய அன்று மட்டும் அவன் அண்ணாந்து பார்த்தபடியே நின்றான். கிரேன் இல்லை, சங்கிலி இல்லை. எட்டுப் பேர், இரண்டு கயிறு. ‘ஐலசா’ போட ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. செல்லக்கனி விரலை அசைக்க அசைக்க, அத்தனை பெரிய மரம் மெல்ல ஏறி, பொருந்தி உட்கார்ந்தது. அவனுக்குப் புல்லரித்துப்போயிற்று.

ஆனாலும் வேலை முடிந்து கிளம்பும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. “அடுத்த வீட்டுக்காவது நல்ல மெஷினா கொண்டு போங்க யக்கா.”

“சரி தம்பி” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

மழை வந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. கார்த்திகைக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நல்ல சுகம்.

ஞானஸ்நானத்துக்குச் செல்லக்கனியைக் கூப்பிடத் தேடிப் போனான். ஒரு தெரு தள்ளி இருக்கும்போதே காதைப் பிளக்கிற சத்தம். அவளே மெஷினைப் பிடித்து ஒரு பழைய சுவரை உடைத்துக்கொண்டிருந்தாள். பத்தே நிமிஷத்தில் சுவர் தரைமட்டம்.

வாசலில் அவளுடைய ஆள் விஜயராஜ் நின்றிருந்தான்.

“புது மெஷினா?” என்று கேட்டான் பிரைட்டன்.

“பழசுதாண்ணே. வாங்குன நாள்லருந்து ஒரு ரிப்பேரும் கிடையாது.”

“பொறவு எங்க வீட்டுல?”

விஜயராஜ் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“மொத நா மெஷினைப் போட்டதும், அண்ணி பதறி ரெண்டு கையாலயும் வயித்தைப் பொத்திக்கிட்டாவ. அதை அக்கா மேல இருந்து ஜன்னல் வழியா பாத்துட்டாவ.”

பிரைட்டன் உள்ளே மெஷினோடு நின்ற செல்லக்கனியைத் திரும்பிப் பார்த்தான்.

விஜயராஜ் சொன்னான்: “அதுக்குப் பொறவு அந்தப் பதினெட்டு நாளும் எங்களை உரக்க இருமக்கூட விடலையே அண்ணே!”