காரணம் ஏதுமில்லை

“அப்போ உள்ளே போய்த்தான் ஆகணுமா சார்?”

பஸ் டிரைவர் கேட்டபோது வக்கீல் கோர்ட் தாழ்வாரத்தில் நின்று கறுப்பு அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரத்துக்கு முன்புதான் மறுசீராய்வு மனுவில் தீர்ப்பு வந்திருந்தது. இரண்டு வருடத் தண்டனை ஒரு வருடமாகக் குறைந்திருந்தது. ஆனால் குற்றம் குற்றம்தான் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

“ரெண்டு வாரம் டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள சரணடையணும்,” என்றார் வக்கீல்.

டிரைவர் தலையை ஆட்டினார். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். டிப்போவில் அவருக்கு ‘ஹாரன்’ என்றுதான் பெயர். அடுத்த தெருவில் கோழி கிளம்பினாலே இங்கே ஹாரன் அடிப்பார் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். ஒரு நாய் பூனைகூட அவர் சக்கரத்தில் மாட்டியதில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலை, பஸ் ஸ்டாப்பை நெருங்கும்போது, நடைபாதையில் நின்றிருந்த ஒருவர் முன்சக்கரத்தில் விழுந்தார். கையில் ஆபீஸ் பை, அதற்குள் சாப்பாட்டு டப்பா. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பஸ் தறிகெட்ட வேகத்தில் வந்தது, ஹாரன் சத்தமே கேட்கவில்லை என்று மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். ஹாரன் அடிக்கவில்லையாம், அதுவும் இவர். டிப்போ ஆட்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவராகத்தான் வந்து விழுந்தார் என்று டிரைவர் அன்றிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அரசு வக்கீல் ஒரே கேள்வியில் மடக்கினார். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய மனுஷன் எதற்காகச் சாக வேண்டும்? கீழ்க்கோர்ட் தீர்ப்பில் அது ஒரு வரியாக ஏறியது. மேல்முறையீட்டிலும் அதே வரி. இன்றைக்கும் அதேதான். ‘இறந்தவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளக் காரணம் ஏதுமில்லை.’

வேலை போயிற்று. வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது. பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டப் போனால், மகன் ஓடி வந்து பிள்ளையை வாங்கிக்கொள்கிறான்.

டிரைவர் சுவரில் சாய்ந்துகொண்டார். “ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க சார். இத்தனை பேர் சொல்றாங்க. ஒருவேளை நான் வேகமாத்தான் வந்தேனோ?”

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார்.

“மொதல்ல எல்லாம் அவர் முகம் அப்படியே கண்ணுல நிக்கும். என்னைப் பாத்துக்கிட்டேதான் ரோட்டுல இறங்கினாரு. இப்ப யோசிச்சா முகமே வரமாட்டேங்குது. தூக்கத்துல கால் மட்டும் பிரேக்கைத் தேடுது.”

வக்கீல் தீர்ப்பின் நகலுக்கு மாடியில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று குமாஸ்தாவோடு அவரை அனுப்பிவைத்தார். டிரைவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போனார்.

அவர் தலை மறைந்த பிறகு கோர்ட் அறையிலிருந்து அந்த அம்மாள் வெளியே வந்தாள். இந்த மனு நடந்த இரண்டு வருடமும், ஒரு வாய்தா தவறாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்து நிற்பாள். முடிந்ததும் டிரைவர் பக்கம் திரும்பாமல் விறுவிறுவென்று போய்விடுவாள். கேஸ் இழுக்க இழுக்கக் கட்டின மனைவியே முகம் கொடுக்காமல் போவதை வக்கீல் நிறையப் பார்த்திருக்கிறார். அதனால் அவர் எதையும் கேட்டுக்கொண்டதில்லை.

இன்று அவளே வந்து எதிரில் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. இதோடு எல்லாம் முடிந்துவிட்டதா, இனிமேல் போக வேறு கோர்ட்டே இல்லையா என்று கேட்டாள்.

டில்லி வரை போக வசதி வேண்டும், இங்கே தட்ட வேண்டிய கதவையெல்லாம் தட்டியாகிவிட்டது என்றார் வக்கீல். ஒரு வருடம்தான், அதிலும் கொஞ்சம் கழியும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். மாடிக்குப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார், இன்றைக்காவது நின்று அவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார்.

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சார் அவர்கிட்ட பேசுவேன்?”

“நீங்க நம்பலைன்னாலும் நான் அவரை நம்பறேன்மா. அந்த ஆள் தானாத்தான் வந்து விழுந்திருக்கான். ஆனா நான் நம்பி என்ன பண்றது? செத்தவனே எழுந்து வந்து சொன்னாத்தான் உண்டு.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

“செத்தவர் என் வீட்டுக்காரர் சார். வேலை போயி மூணு மாசமாச்சு, உன்கிட்ட சொல்ல வாய் வரலைன்னு நாலு பக்கம் எழுதி வச்சுட்டுத்தான் போனாரு. விபத்துன்னாத்தான் நஷ்டஈடு வரும், ரெண்டு பொண்ணுங்களைக் கரையேத்தணுமேன்னு, அன்னிக்கே நான் அதை அடுப்புல போட்டுட்டேன்.”